வருகையில கைவிடப்படுவோமா? ஆச்சி அடக்கத்துல கேட்ட பிரசங்கமும் என் மக தூக்கமும்

#1 ஜங்ஷன்_பொண்ணு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா சும்மா வாசிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இதான் முதல் பதிவு, நீளமா போயிரும், பொறுத்துக்கோங்க.

எங்க அம்மா பிப்ரவரியில தவறிட்டாங்க. 74 வயசு. சுகர், முட்டுவலி, கடைசியில கிட்னி. பாளையங்கோட்டை பக்கம் எங்க ஊர் சிஎஸ்ஐ கோயில்லதான் அடக்க ஆராதனை, எங்க ஐயர், அதான் சபைப் போதகர், அமைதியா நல்லாத்தான் நடத்துனாங்க. கல்லறைத் தோட்டத்துக்குப் போன பொறவு சொந்தக்காரங்க கூட்டிட்டு வந்த ஒரு ஊழியக்காரர் ரெண்டு நிமிஷம்னு மைக்கை வாங்கி இருபது நிமிஷம் பேசிட்டார். அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யுத்தம், பூமியதிர்ச்சி, கையில சிப் வைக்கப் போறான்னு எங்கெங்கயோ போயி கடைசியில, இயேசு திரும்ப வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துட்டுப் போற வருகைக்கு வந்து, "இந்த ராத்திரியே எக்காளம் தொனிச்சா உன் பக்கத்துல படுத்திருக்கிறவங்க இருக்க மாட்டாங்க, போர்வைதான் கிடக்கும், நீ கைவிடப்பட்டிருப்ப"ன்னு கையை நீட்டிச் சொன்னார். அந்தக் கை நேரா நீண்ட இடத்துல நின்னது என் மக. 9 வயசு. ஆச்சி குழியில போடன்னு ஒரு கை நிறைய அரளிப்பூ வச்சுக்கிட்டு நின்னா.

அன்னையில இருந்து ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு எழும்பி எங்க ரூமுக்கு வாரா. எழுப்ப மாட்டா, பேச மாட்டா, போர்வையை மட்டும் தொட்டுப் பாத்துட்டுப் போறா, உள்ள ஆள் இருக்கான்னு. முதல் நாலஞ்சு நாள் எனக்கே தெரியாது, எங்க வீட்டுக்காரங்கதான் முழிச்சுக்கிடந்து பாத்துச் சொன்னாங்க.

எனக்கும் இது நடந்திருக்கு. நாலாங்கிளாஸ் படிக்கும்போது ஸ்கூல் விட்டு வந்தா கதவு திறந்து கிடக்கு, அடுப்புல சோறு கொதிக்கு, அம்மாவைக் காணல, பக்கத்து வீட்டு அத்தையையும் காணல. வருகை வந்துட்டு, நான் மட்டும் நின்னுட்டேன்னு நடுத்தெருவுல நின்னு அழுதேன். ஏன்னா முந்தின ஞாயித்துக்கிழமை காணிக்கைக் காசுல கமர்கட்டு வாங்கித் தின்னுருந்தேன். அம்மா பைப்புல தண்ணி வருதுன்னு குடத்தோட அடுத்த தெருவுக்குப் போயிருந்தாங்க, அவ்ளோதான்.

இப்ப கேள்வி. இந்த இரகசிய வருகைன்னு சொல்றது வேதத்துல அப்படியே இருக்கா? எங்க அம்மா இப்ப எங்க? மகளுக்கு நான் என்ன சொல்ல? சண்டை போடாம சொல்லுங்க, ப்ளீஸ்.

#2 ஜெரின்_குவைத்

ஆறுதல் உண்டாவதாக சிஸ்டர். ஃபாலோ பண்றேன்.

#3 மாரநாதா_தாஸ்

சிஸ்டர், அம்மா இழப்புக்கு வருந்துறேன். பிள்ளை முன்னாடி அப்படிப் பேசினது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா பேசின விதம் தப்புங்கிறதுக்காக சத்தியத்தை விட்டுறக் கூடாது. 1 தெசலோனிக்கேயர் 4:16, 17 எடுத்துப் பாருங்க, கர்த்தர் ஆரவாரத்தோட இறங்கி வருவார், கிறிஸ்துவுக்குள் மரித்தவங்க முதலாவது எழுந்திருப்பாங்க, அப்புறம் உயிரோட இருக்கிற நாம மேகங்கள்மேல எடுத்துக்கொள்ளப்படுவோம். மத்தேயு 24:40ல ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான் ஒருவன் கைவிடப்படுவான்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். இது யாரும் கட்டின கதை இல்ல. அம்மா விசுவாசத்துல தூங்கியிருந்தா அவங்கதான் நமக்கு முந்தி எழும்புவாங்க. பயம் எதுக்கு? பயப்பட வேண்டியது ஆயத்தமில்லாதவங்கதான்.

#4 ஓய்வு_வாத்தியார்

தங்கச்சி, நான் நாசரேத் பக்கம், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல குப்பை கொட்டிட்டு இப்ப ஓய்வுல இருக்கேன், கண்ணு சரியில்லாததால எழுத்துப்பிழை இருக்கும்.

தம்பி தாஸ் சொன்ன அதே பகுதியில இருந்தே ஆரம்பிக்கேன். பவுல் அந்த நிருபத்தை எழுதினது கி.பி. 50, 51 வாக்குல, புதிய ஏற்பாட்டுலயே ரொம்ப ஆரம்பத்துல எழுதப்பட்டது. ஏன் எழுதினாரு? தெசலோனிக்கேயில புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க, ஆண்டவர் இன்னைக்கோ நாளைக்கோ வந்துருவார்னு இருந்தாங்க. அதுக்குள்ள அவங்கள்ல சிலர் செத்துப் போயிட்டாங்க. ஐயோ, வருகைக்கு முந்தி செத்தவங்களுக்கு பங்கு இல்லாமப் போயிருமோன்னு வீட்ல இருந்தவங்களுக்குக் கலக்கம். அதாவது அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்து அழுத உன்ன மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தக் கடிதமே. 13ஆம் வசனத்துல நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீங்கன்னு தொடங்கி 18ல இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்னு முடிக்கார். தேத்துறதுக்குக் குடுத்ததை எடுத்து ஒம்பது வயசுப் பிள்ளையை மிரட்டப் பயன்படுத்தினா, அது மருந்துப் பாட்டிலால மண்டையில அடிச்ச கணக்கு.

இன்னொண்ணு கவனி. அங்க இரகசியம் எங்க இருக்கு? ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம். ஊரையே எழுப்புற சத்தமால்லா இருக்கு.

இந்த இரகசிய வருகை, அதுக்கப்புறம் ஏழு வருஷ உபத்திரவம், பொறவு பகிரங்க வருகைன்னு ரெண்டு கட்டமாப் பிரிச்சு அட்டவணை போட்டது 1830கள்ல ஜான் நெல்சன் டார்பின்னு ஒரு ஆங்கிலிக்கன் குரு, சபையை விட்டு வெளிய வந்து சகோதர சபைக்காரங்களோட சேர்ந்தவர். அதை அமெரிக்கா பூரா பரப்பினது ஸ்கோபீல்டு 1909ல அடிக்குறிப்போட வெளியிட்ட வேதாகமம். வசனத்துக்குக் கீழயே குறிப்பு அச்சாயிருக்கும்போது ஜனங்களுக்கு எது வசனம் எது குறிப்புன்னு தெரியாமப் போச்சு. நம்ம பக்கமும் அந்த சகோதர சபைத் தொடர்பு சீக்கிரமே வந்துட்டு, அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833லயே இந்தியா வந்தாச்சு, 1860ல திருநெல்வேலிச் சீமையில பெரிய எழுப்புதல் நடத்துன அருளப்பன் அவர்கூடப் பழகினவர்தான். நான் அவங்களைக் குறை சொல்லல, பெரிய ஊழியம் செஞ்சவங்க. ஆனா 1800 வருஷம் சபை இந்த அட்டவணை இல்லாமத்தான் வருகைக்குக் காத்திருந்துச்சு.

#5 சும்மா_வாசிக்கிறவன்

நான் கிறிஸ்டியன் இல்ல, ஃப்ரெண்டு அனுப்பின லிங்க்ல வந்தேன். குழந்தை விஷயம் படிச்சு கஷ்டமா இருந்துச்சு. ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க: 2011ல அமெரிக்காவுல ஒருத்தர் போர்டு வச்சு மே 21 உலகம் முடியுதுன்னு சொன்னார், சென்னையில கூட அந்த நோட்டீஸ் பாத்த ஞாபகம். எதுவும் ஆகல. எத்தனை தடவை தப்பாகும், அப்புறமும் எப்படி நம்புறீங்க?

#6 ஓய்வு_வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி, எங்க ஆட்களே கேக்கத் தயங்குறது.

அந்த ஹெரால்டு கேம்பிங் மே 21 தப்பினதும் அக்டோபர் 21ன்னு மாத்தினார், அதுவும் போச்சு, அடுத்த வருஷம் தேதி குறிச்சது பாவம்னு அவரே ஒத்துக்கிட்டார், 2013ல இறந்துட்டார். அதுக்கு முந்தி 1844 அக்டோபர் 22. வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி, வேதத்துல தானியேல் புத்தகத்துல உள்ள 2300 நாளைக் கணக்குப் போட்டு ஆரம்பிச்சது, ஆயிரக்கணக்கான பேர் நம்பினாங்க. சில பேர் விளைஞ்ச பயிரையே அறுக்காம விட்டாங்க, ஆண்டவர் வரப்போறார் உருளைக்கிழங்கைத் தோண்டி என்ன பண்ணன்னு. மறுநாள் சூரியன் வழக்கம்போல உதிச்சுது. அதைப் பெரும் ஏமாற்றம்னே சரித்திரத்துல பேர் வச்சிருக்காங்க.

அமெரிக்கா வரைக்கும் ஏன் போகணும்? நம்ம பக்கத்துலயே இருக்கு. திருவிதாங்கூர்ல யுஸ்தூஸ் யோசேப்பு, வித்துவான் குட்டின்னு சொல்வாங்க, தமிழ்ப் பிராமணக் குடும்பத்துல பிறந்து கிறிஸ்தவராகி சிஎம்எஸ்ங்கிற மிஷனரிச் சங்கத்துல குருவானவரா இருந்தவர். 1870கள்ல அங்க எழுந்த எழுப்புதல்ல முக்கியமான ஆள். 1881ல ஆண்டவர் வருவார்னு சொன்னார், நம்பி ஜனம் கூடிச்சு. 1881 வந்துச்சு, போச்சு. அப்புறம் அவர் தனியா ஒரு கூட்டமே ஆரம்பிச்சிட்டார். எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அவர் எழுதின பாட்டுகளை இன்னைக்கும் கேரளாவுல கோயில்கள்ல பாடுறாங்க, தேதி செத்துப் போச்சு, பாட்டு சாகல.

உன் கேள்விக்கு பதில்: தேதியை நம்பினவங்க ஏமாந்தாங்க. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்னு மத்தேயு 24:36ல வெள்ளையா எழுதியிருக்கு. அதைத் தாண்டிக் கணக்குப் போட்டா அது கணக்குப் போட்டவன் தப்பு.

#7 மாரநாதா_தாஸ்

வாத்தியார் ஐயா, தேதி குறிக்கிறதை நானும் எதிர்க்கிறேன். எங்க சபையிலயும் யாரும் குறிக்கல. ஆனா நீங்க 1830, டார்பின்னு சொன்னதும் ஏதோ நாங்க வெள்ளைக்காரன் அட்டவணையை நம்பி ஏமாந்த மாதிரி ஆயிடுது. நான் கொஞ்சம் சொந்தக் கதை சொல்றேன்.

எங்க அப்பா லோடு மேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழை பெஞ்சா அஞ்சு இடத்துல பாத்திரம் வைப்போம். மூட்டை தூக்கி கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு. ஊர்ல அவரை பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, டேய்தான். சனிக்கிழமை உபவாசக் கூட்டத்துல வருகைப் பாட்டு பாடும்போது மட்டும் அந்த மனுஷன் கழுத்து வலியை மறந்து ரெண்டு கையையும் தூக்குவார். அவருக்கு அது தப்பிச்சு ஓடுறது இல்ல ஐயா. இந்த உலகத்துல தனக்கு மேல எத்தனை மூட்டை இருந்தாலும் ஒருநாள் தன்னைத் தூக்குறதுக்கு ஒருத்தர் வர்றார்னு நம்பினார். படிச்சவங்க பெரிய கோயில்ல உக்காந்துட்டு அதை அலசுறது ஈசி.

வசனமும் சொல்றேன். யோவான் 14ல என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு, நான் போய் ஸ்தலத்தை ஆயத்தம் பண்ணி மறுபடி வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்வேன்னு இருக்கே. இங்க இருந்து அங்க போறதுதானே அது?

#8 ஓய்வு_வாத்தியார்

தம்பி, உங்க அப்பாவைப் பத்தி எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். என் பேச்சுல கிண்டல் தொனி இருந்தா அதை எடுத்துக்கிடுதேன். மூட்டை தூக்குனவருக்குத் தெரிஞ்ச அர்த்தம் எனக்குத் தெரியாமப் போயிருக்கலாம்.

யோவான் 14 நியாயமான கேள்வி. அதோட வெளிப்படுத்தல் 21:3 சேர்த்து வாசி, இதோ மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறதுன்னு வருது. கிரேக்கத்துல ரெண்டு இடத்துலயும் ஒரே சொல் கிடையாது, தமிழ்லதான் ஒண்ணா இருக்கு, அதை நான் மறைக்கல. ஆனா கதை எந்தப் பக்கம் நகருதுன்னு பாரு. புதிய எருசலேம் வானத்துல இருந்து இறங்கி வருது. நாம ஏறிப் போறதோட கதை முடியல, அவர் இறங்கி வந்து நம்மகூடக் குடியிருக்கிறதோட முடியுது. தரங்கம்பாடியில சீகன்பால்க்ங்கிற மிஷனரி 1707ல கட்டின முதல் கோயிலுக்கு எருசலேம்னு பேர், அப்புறம் 1718ல கட்டினதுக்குப் புதிய எருசலேம்னு பேர். கடல் காத்து உப்பா அடிக்கிற, மீன் காயுற கரையில கொண்டுபோயி அந்தப் பேரை வச்சிருக்காங்க பாரு. பரலோகம் எங்கயோ மேலன்னு மட்டும் நினைச்சிருந்தா மண்ணுல கட்டின கட்டடத்துக்கு அந்தப் பேர் மனசுல வந்திருக்குமா. இது என் யூகம்தான், ஆதாரம் கேக்காத.

இப்ப முக்கியமானது, தங்கச்சி இதைக் கவனி. அந்த 1 தெசலோனிக்கேயர் 4, 17ஆம் வசனத்துல நம்ம தமிழ் வேதத்துல கர்த்தருக்கு எதிர்கொண்டுபோகன்னு இருக்கு. மூலத்துல அபான்தேசிஸ். புதிய ஏற்பாட்டுல இந்தச் சொல் இன்னும் ரெண்டு இடத்துல வருது. ஒண்ணு பத்துக் கன்னிகைகள் கதை, மணவாளன் வருகிறார் எதிர்கொண்டுபோகப் புறப்படுங்கள்னு. இன்னொண்ணு அப்போஸ்தலர் 28:15, பவுல் கைதியா ரோமாபுரிக்கு வரும்போது அங்க உள்ள சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், அதாவது அறுபது கிலோமீட்டருக்கு மேல நடந்து வந்து எதிர்கொண்டாங்க. எதிர்கொண்டவங்க பவுலைக் கூட்டிக்கிட்டு எங்க போனாங்க? வந்த வழியே திரும்பி ரோமாபுரிக்குத்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லை வரைக்கும் மேளத்தோட போறோம், போயி மாப்பிள்ளையோட அவர் ஊருக்கா போயிருவோம்? பந்தல் போட்ட நம்ம வீட்டுக்குல்லா கூட்டிட்டு வருவோம். ராஜா வந்தா எதிர்கொண்டு அழைச்சு ஊருக்குள்ள கூட்டிட்டு வாறதுக்கு அந்தக் காலத்துல அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவாங்க. எதிர்கொள்ளுதல்ங்கிற தமிழ்ச் சொல்லு அதுக்கு அவ்வளவு பொருத்தமா விழுந்திருக்கு.

#9 கடற்கரை_ஜோ

நான் குளச்சல் பக்கம், கத்தோலிக்கன். இங்க நுழையலாமான்னு தெரியல, இருந்தாலும் ரெண்டு விஷயம்.

முதல்ல அந்த கைவிடப்படுவான். எங்க கையில இருக்கிற 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புல அந்த இடம் விட்டுவிடப்படுவார்னு இருக்கும். கைவிடுறதுன்னா தமிழ்ல பெத்த பிள்ளையை நடுத்தெருவுல விட்டுட்டுப் போறது மாதிரி இல்லையா. அந்த ஒரு சொல்லே பாதி பயத்தை உண்டாக்குது. அதுக்கு முந்தின வசனத்துல நோவா காலத்து வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கிட்டுப் போச்சுன்னு வருது, அப்படிப் பாத்தா வெள்ளத்துல போனவன்தான் கெட்டவன், நின்னவன் நோவா. அப்ப நிக்கிறதுதானே நல்லது? சும்மா கேக்குறேன்.

ரெண்டாவது என் சொந்தப் பிரச்சினை. திருவெளிப்பாடு, நீங்க வெளிப்படுத்தல்னு சொல்றது, அதுல 21ல புதிய வானம் புதிய பூமி, கடல் இல்லாமற் போயிற்றுன்னு இருக்கு. எங்கப்பா சாகுற வரைக்கும் இந்த வரியை ஏத்துக்கல. சாமியார் வாசிச்சா கோயில்ல உக்காந்தே முணுமுணுப்பார், கடல் இல்லாத இடத்துல நான் என்ன செய்ய, தொழிலுக்குப் போக வேண்டாமான்னு. பத்து வயசுல கட்டுமரத்துல ஏறின மனுஷன்.

2004 டிசம்பர் 26 எங்க ஊருக்கும் வந்துச்சு. தமிழ்நாட்டுல மட்டும் கிட்டத்தட்ட 8000 பேர். எங்க பக்கம் மொத்தமா குழி தோண்டிப் புதைச்சாங்க, யார் பக்கத்துல யார்னு தெரியாது. என் சித்தி மக கிடைக்கவே இல்ல. அந்த வருஷத்துக்கு அப்புறம் அப்பா அந்த வரிக்கு முணுமுணுக்கிறதை நிறுத்திட்டார். ஆனா ஒத்துக்கிட்டாரான்னா அதுவும் இல்ல. சித்திக்கு மட்டும் வேற ஒரு வரி பிடிச்சுப் போச்சு, 20ஆம் அதிகாரத்துல, கடல் தன்னகத்தே இருந்த இறந்தோரை வெளியே அனுப்பிச்சுன்னு வரும். கல்லறைத் திருநாளுக்கு நவம்பர் 2 எல்லாரும் கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சு மெழுகுதிரி ஏத்துவோம். சித்திக்குக் கல்லறை கிடையாது. மெழுகுதிரியைக் கொண்டுபோயி கரையில மணல்ல குத்தி வைப்பாங்க, காத்துல நிக்காது, திரும்பத் திரும்பக் கொளுத்துவாங்க. எனக்கு இறையியல் தெரியாது. உயிர்ப்புன்னா என்னன்னு யாராவது கேட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

#10 ஜெரின்_குவைத்

🙏 கண் கலங்கிருச்சு அண்ணே

#11 கீழ்ப்பாக்கம்_85

ஜோ பிரதர் எழுதினதைப் பாத்ததும் கேக்கணும்னு தோணுச்சு. எங்க அப்பா 2020ல கொரோனாவுல போயிட்டாரு. சுத்தி பிளாஸ்டிக், முகத்தைக் கூட காட்டல. அடக்கம் பண்ண இடம் கிடைக்கல, ஏரியா ஆளுங்க பிரச்சினை பண்ணிடுவாங்கன்னு பயம் வேற, கடைசியில மின்மயானத்துல எரிச்சுட்டோம். அஸ்தியை ஒரு டப்பால குடுத்தாங்க. எங்க பெரியப்பா இன்னி வரைக்கும் சொல்லிக் காட்றாரு, உடம்பே இல்லாம பண்ணிட்டீங்களேடா எப்டி எழும்புவான்னு. அம்மா அதைக் கேட்டு கேட்டு ஒடிஞ்சு போயிட்டாங்க பா. யாராச்சும் தெளிவா சொல்லுங்க, எரிச்சா உயிர்த்தெழுதல் கிடையாதா?

#12 ஓய்வு_வாத்தியார்

உண்டு. உங்க அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லு.

இந்தக் கேள்வியை கி.பி. 177லயே கேட்டாச்சு. பிரான்சுல இப்ப லியோன்னு சொல்ற ஊர்ல கிறிஸ்தவங்களைச் சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க. கொன்னதோட நிக்கல, உடம்புகளை ஆறு நாள் வெளியில போட்டு வச்சு, அப்புறம் எரிச்சு, சாம்பலை ரோன் ஆத்துல கரைச்சுட்டாங்க. எதுக்குன்னா, இவனுங்க உயிர்த்தெழுதலை நம்பித்தானே பயமில்லாமச் சாகுறானுங்க, எப்படி எழும்புறானுங்க பாப்போம்னு. யூசேபியு தன் சபைச் சரித்திரத்துல எழுதி வச்சிருக்கார். சாம்பலைக் கரைச்சா கடவுளைத் தோக்கடிச்சுறலாம்னு நினைச்சது அவங்களைக் கொன்னவங்க. உங்க பெரியப்பாகிட்ட மரியாதையா கேளு, நீங்க எந்தப் பக்கம்னு.

1 கொரிந்தியர் 15ல பவுல் விதையைத்தான் உதாரணம் காட்டுறார். விதைக்கிற நெல்லு அப்படியே திரும்ப வாறதில்ல, கதிரா வருது, ஆனா வேற பயிரும் இல்ல, அதே நெல்லுதான். புதைச்ச உடம்பு மட்டும் குழிக்குள்ள முழுசாவா இருக்கு? உங்க சென்னையில இடம் இல்லாம குடும்பக் கல்லறையைத் திறந்து திறந்து வைக்காங்க, என்ன மிச்சம் இருக்கும்னு குழி வெட்டுறவங்ககிட்ட கேட்டாத் தெரியும்.

#13 கடற்கரை_ஜோ

எங்க சபையும் 1963லயே எரிக்க அனுமதி குடுத்துருச்சு, புதைக்கிறதைத்தான் விரும்புறோம்னு சொல்லி. உயிர்ப்பை மறுக்கிறதுக்காக எரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அஸ்தியைக் கரைக்காம கல்லறையில வைக்கச் சொல்லி 2016ல திரும்ப ஒரு அறிக்கை வந்துச்சு. டப்பாவை வீட்ல வச்சிருந்தா உங்க ஐயர்கிட்ட பேசி கல்லறைத் தோட்டத்துல ஒரு இடத்துல வைங்க தம்பி, அம்மாவுக்குப் போயி நிக்க ஒரு இடம் இருக்கும்.

#14 கீழ்ப்பாக்கம்_85

ரொம்ப தேங்க்ஸ். டப்பா பீரோ மேலதான் இருக்கு, நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டேன். எதுவும் சொல்லல, போய் காபி போட்டு எடுத்துட்டு வந்தாங்க.

#15 வேதவெளிச்சம்_1

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுறீங்க, கேட்ட கேள்விக்கு நேரடியா யாரும் பதில் சொல்லல. அந்த அம்மா இப்ப எங்க? பிரசங்கி 9:5, மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள். தூங்குறாங்க. உயிர்த்தெழுதல் வரைக்கும் எந்த நினைவும் கிடையாது. பரலோகத்துல இருந்து பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்றது வேதத்துக்கு விரோதம்.

#16 மாரநாதா_தாஸ்

அப்ப லூக்கா 23:43? இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய். சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளனுக்கு இன்னிக்கேன்னுதானே சொன்னார். பிலிப்பியர் 1:23ல பவுல் தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசைன்னு சொல்றாரே, தூங்கவா ஆசைப்பட்டார்?

#17 வேதவெளிச்சம்_1

மூலத்துல கமா கிடையாது பிரதர். இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்னு படிச்சா அர்த்தமே மாறும். கமாவை வச்சு உபதேசம் பண்ணாதீங்க.

#18 மாரநாதா_தாஸ்

மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்னு ஆண்டவர் எத்தனை இடத்துல சொல்லியிருக்கார், வேற எங்கயாவது அதோட இன்றைக்குன்னு சேர்த்திருக்காரா? நாளைக்கா சொல்லுவார்? கள்ளன் ராத்திரிக்குள்ள சாகப்போறான்!

(இதுக்குக் கீழ 23 பதிவு கமா பத்தியே போனதால தனி இழைக்கு மாத்தியிருக்கு. இங்க அம்மாவை இழந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்கங்கிறதை மறக்க வேண்டாம். – மட்டுறுத்துநர்)

#19 ஓய்வு_வாத்தியார்

கமா சண்டை இன்னும் ரெண்டாயிரம் வருஷம் ஓடும். லூத்தரே பல இடத்துல தூக்கம்னு எழுதியிருக்கார், கால்வின் அதை எதிர்த்து தனிப் புத்தகமே போட்டிருக்கார், பெரியவங்களே ஒத்துப்போகல. நான் தாஸ் பக்கம்தான் சாயுதேன். ஆனா எந்தப் பக்கம் நின்னாலும் அது நடுவுல உள்ள ஒரு ஸ்டேஷன். ஞாயித்துக்கிழமை விசுவாசப் பிரமாணத்துல ஆத்துமா பரலோகம் போறதுன்னு சொல்லி முடிக்கோமா? சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்னுதான் முடிக்கோம். சரீரம்! நம்ம ஆட்கள் அதை வாயால சொல்லிட்டு மனசுக்குள்ள மேகத்துல மிதக்குற ஆவியை நினைச்சுக்கிடுதாங்க.

நித்திய ஜீவன்னதும் முடிவே இல்லாத நீளமான காலம்னு நினைச்சா எனக்கே அலுப்பாத்தான் இருக்கும், அறுபத்தேழு வயசுலயே மதியம் மூணு மணி நகர மாட்டேங்குது. யோவான் 17:3ல உம்மையும் இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்னு இருக்கு. அங்க எண்ணிக்கை இல்ல, உறவுதான் இருக்கு.

#20 கடற்கரை_ஜோ

எங்க மொழிபெயர்ப்புல அதை நிலைவாழ்வுன்னு போட்டிருப்பாங்க. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். வள்ளத்துல அஞ்சு நாள் ஆடிட்டு வந்து கரையில கால் வச்சா ஒரு நிலை கிடைக்கும் பாருங்க, முதல் ரெண்டு நிமிஷம் தரையும் ஆடுற மாதிரியே இருக்கும், அப்புறம் நிக்கும்.

#21 மாரநாதா_தாஸ்

ஐயா, அபான்தேசிஸ் பத்தி எங்க பாஸ்டர்கிட்ட கேட்டேன். அவர் ஒத்துக்கல, ஏழு வருஷம் கழிச்சு எல்லாருமா அவரோட இறங்கி வருவோம், அப்பவும் உங்க மாப்பிள்ளை அழைப்பு பொருந்தும்னு சொன்னார். நானும் என் நம்பிக்கையை மாத்திக்கல. ஆனா நேத்து சண்டே ஸ்கூல்ல வருகைப் பாடம் எனக்கு வந்துச்சு. வழக்கமா படம் வரைஞ்ச சார்ட் ஒண்ணு இருக்கும், ஓட்டுநர் இல்லாத பஸ், காலி கட்டில் அதெல்லாம். அதை எடுக்கல. ஒருவரையொருவர் தேற்றுங்கள்னு வர்ற அந்த 18ஆம் வசனத்தை மட்டும் மனப்பாடம் பண்ண வச்சேன்.

#22 சும்மா_வாசிக்கிறவன்

அந்தக் குழந்தை எப்படி இருக்குன்னு பாக்கத்தான் தினமும் வந்துட்டுப் போறேன். யாராவது அந்த அக்காவைப் பாத்தீங்களா?

#23 ஜங்ஷன்_பொண்ணு

இருக்கேன். மன்னிச்சுக்கோங்க, ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிட்டு நேத்துதான் தாம்பரம் வந்தோம். எல்லாத்தையும் ட்ரெயின்ல வரும்போது வாசிச்சேன். தாஸ் பிரதர் அப்பா கதை, ஜோ அண்ணன் சித்தி மெழுகுதிரி, எல்லாம் திரும்பத் திரும்ப வாசிச்சேன்.

நடந்ததைச் சொல்லுதேன். நாங்க எப்பவும் நெல்லை எக்ஸ்பிரஸ்லதான் போவோம். காலையில ஜங்ஷன்ல இறங்கினா பிளாட்பாரத்துல டீக்கடை பக்கத்துல அம்மா நிப்பாங்க. ஒரு கையில ஃபிளாஸ்க், ஒரு கையில கம்பு. முட்டுவலியோட எதுக்கும்மா வாறீங்க, ஆட்டோ பிடிச்சு வந்துர மாட்டோமான்னு ஒவ்வொரு தடவையும் நான் சத்தம் போடுவேன். வாறவங்களை எதிர்கொண்டு கூப்பிடாம வீட்ல உக்காந்திருக்கவான்னு அவங்க திருப்பிச் சத்தம் போடுவாங்க. அந்தச் சொல்லேதான். வாத்தியார் ஐயா எழுதினதை வாசிக்கும்போது எனக்கு அம்மா குரல்லதான் கேட்டுச்சு.

இந்தத் தடவை இறங்கினோம், டீக்கடை பக்கத்துல யாரும் இல்ல. மக அந்த இடத்தையே பாத்துட்டு நின்னா. பெட்டியை இறக்கி வச்சுட்டு அங்கயே சொன்னேன், ஆச்சி இங்க வந்து நின்னு நம்மளைப் பாத்ததும் என்ன செய்வாங்க, நம்மளோட ட்ரெயின்ல ஏறி மெட்ராஸ் போயிருவாங்களான்னு. இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னா. இயேசப்பா வரும்போது நாம எல்லாரும் போயி அவரை எதிர்கொண்டு கூட்டிட்டு வாறதுதான் அது, நம்மளைப் பிரிச்சுட்டுப் போறதுக்கு வரலன்னேன். எல்லாரும் போவோமா, ஆச்சியுமான்னு கேட்டா. ஆச்சிதான் முதல்ல, அப்படித்தான் பைபிள்ல போட்டிருக்கு, அப்புறம்தான் நாமன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "ஆமா, ஆச்சி எப்பவும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துருவாங்கல்லா"ன்னா. எங்க வீட்டுக்காரங்க பெட்டியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அப்புறம் ஆச்சிக்கு அப்ப முட்டுவலி இருக்குமான்னு கேட்டா, இருக்காதுன்னேன். கம்பு? தேவைப்படாதுன்னேன். அப்ப ஆட்டோக்காரர்கிட்ட சண்டை போட மாட்டாங்களான்னு கேட்டா. அதுக்கு எனக்குப் பதில் தெரியல, வாத்தியார் ஐயா நீங்கதான் சொல்லணும்.

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத் திரும்பவும் எங்க ரூம் கதவு திறந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் முழிச்சுத்தான் கிடந்தோம், மூச்சைப் பிடிச்சுட்டுப் படுத்திருந்தோம், போர்வையைத் தொடுவான்னு. "அம்மா, கேன்ல தண்ணி தீந்துட்டு"ன்னா.